லாரியா, மணலி நெருப்பா, அனல் மின் நிலையமா? வட சென்னையின் கார்பன் கணக்கு

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டீக்கடையில் நின்று, "நம்ம ஏரியாவுல கார்பன் அதிகமா விடுறது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் காட்டுவார்கள். மீதிப் பேர் ராத்திரியில் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் எரியும் நெருப்பைச் சொல்வார்கள். கொடுங்கையூர்க்காரர் இருந்தால் குப்பைமேடு என்பார். கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. கண்ணையும் மூக்கையும் நம்பி வரிசை போட்டால் தப்பாகத்தான் வரும்.

முதலில் லாரி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோகூட எடையில்லாத டீசல் எப்படி இவ்வளவு ஆகும் என்று என் மைத்துனர் சண்டைக்கே வந்துவிட்டார். டீசலில் உள்ள கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் வாயுவாகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது.

இப்போது வல்லூர் அனல் மின் நிலையத்துக்கு வாருங்கள். 1,500 மெகாவாட். முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 15 லட்சம் யூனிட். நிலக்கரி மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.95 கிலோ என்று வைத்தால் 1,400 டன்னைத் தாண்டுகிறது. இதை லாரியில் சொன்னால், 300 லிட்டர் டேங்க் உள்ள 1,700 லாரிகளை நிரப்பி, டீசல் தீரும்வரை ஓட்டியதற்குச் சமம். அதுவும் ஒரு மணி நேரக் கணக்கு. பக்கத்திலேயே வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட்.

நிலக்கரி ஏன் இவ்வளவு மோசம்? அதில் எரிவது பெரும்பாலும் கார்பன்தான். இயற்கை எரிவாயுவில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன் இருப்பதால், வெப்பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் எரிவதிலிருந்து வருகிறது. அது எரிந்து தண்ணீராவியாகத்தான் ஆகிறது. நல்ல எரிவாயு நிலையத்தில் யூனிட்டுக்கு 0.4 கிலோ அளவில் நின்றுவிடும். (எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். கார்பன் டை ஆக்சைடைவிடக் கடுமையாகப் பூமியைச் சூடாக்கும் அது வழியில் கசிந்தால் அந்த லாபம் கரையும், அது வேறு கதை.) அப்புறம், நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மின்சாரமாகிறது. மற்றதெல்லாம் புகைபோக்கி வழியாகவும் சுடுதண்ணீராகவும் போய்விடுகிறது. எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களிடம் சுடுதண்ணீரைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவார்கள். எங்கள் மொட்டை மாடித் துணியில் படியும் சாம்பலைப் பிடிக்கக் கருவி உண்டு. அந்தக் கருவி கார்பன் டை ஆக்சைடைத் தொடுவதில்லை. புகை தெரியாத புகைபோக்கியும் அதே டன் கணக்கில்தான் விட்டுக்கொண்டிருக்கும்.

மணலிதான் சிக்கலான ஆள். சுத்திகரிப்பு ஆலையின் திறன் ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெய். இப்படிப்பட்ட ஆலைகள் சொந்த எரிபொருளாக எரிப்பது வழக்கமாக அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் பார்க்கும் நெருப்பு அதிலும் ஒரு துணுக்கு. பெரும் பங்கு பெட்ரோல், டீசல், சிலிண்டர் என்று வெளியே போய், எங்கெங்கோ எரிகிறது. அதை மணலி கணக்கில் எழுதுவதா, வண்டி ஓட்டுகிறவர் கணக்கிலா? இதே கேள்வி அனல் மின் நிலையத்துக்கும் உண்டு: நிலக்கரி எரிவது அத்திப்பட்டில், ஏசி ஓடுவது நகரம் முழுக்க. என்னைக் கேட்டால், சாம்பல் மட்டும் எங்களுக்கு, கரண்ட் எல்லோருக்கும் என்பது சரியான பங்கீடு இல்லை.

குப்பைமேட்டுக்கு இந்தப் போட்டியில் இடமில்லை. அங்கே தீப்பிடித்தால் மூச்சு முட்டும், சரி. ஆனால் புதைபடிவக் கார்பன் (நிலக்கரி, எண்ணெய் போல மண்ணுக்கடியிலிருந்து வந்த கார்பன்) என்று அதில் இருப்பது பிளாஸ்டிக் வகையறாதான். மட்கும் குப்பையால் வரும் பெரிய தொல்லை மீத்தேன்.

உலகக் கணக்கும் ஏறத்தாழ இதே வரிசைதான். புதைபடிவ எரிபொருளிலிருந்தும் சிமென்டிலிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். அதில் நிலக்கரி 40 சதவீதம் அளவு, எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு, எரிவாயு ஐந்தில் ஒரு பங்கு, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு சிமென்ட் ஆக்குவதில் 4 சதவீதம் போல. காடழிப்பு தனி.

மைத்துனரின் கடைசி அஸ்திரம்: "அப்போ எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் நிலக்கரியிலதானே ஓடுது?" லிட்டருக்கு 45 கிலோமீட்டர் போகும் பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 50 கிராம் விடுகிறது. எலெக்ட்ரிக் வண்டிக்கு சார்ஜிங் இழப்பும் சேர்த்து ஒரு யூனிட்டில் 30 கிலோமீட்டர் என்று வையுங்கள். முழுக்க நிலக்கரி கரண்டே என்றாலும் 32 கிராம். சூரிய ஒளி, காற்றாலை எல்லாம் கலந்து வரும் நம் கரண்டில் இன்னும் குறையும். பேட்டரி தயாரிக்கும்போது ஆவதை இதில் சேர்க்கவில்லை. வண்டி ஓட ஓட அது ஈடாகும். கணக்கை ஒப்புக்கொண்டார். ஆனாலும் பெட்ரோல் வண்டியில்தான் இன்னும் மணலிக்கு வேலைக்குப் போகிறார். பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர் கவலை.