மஞ்சள் நிறக் கடல் சாமந்தியை வாங்குவதற்கு முன்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடல் சாமந்தி (sea anemone) பூவல்ல, பாதத்தால் பாறையில் ஒட்டி வாழும் ஒரு விலங்கு; கோமாளி மீன்கள் (clownfish) கடலில் அதற்குள்தான் குடியிருக்கும். எலுமிச்சை மஞ்சளில் ஒரு கடல் சாமந்தியையும் இரண்டு கோமாளி மீன்களையும் என் தலையில் கட்டினார் ஒரு கடைக்காரர். "விட்ட அன்றைக்கே மீன்கள் உள்ளே புகுந்துகொள்ளும்" என்றார். தொட்டி வைத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்கவே இல்லை. ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

பையை அவிழ்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உள்ளே இருந்த தண்ணீரும் மஞ்சளாக இருந்தது. வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தால், தூரிகை கழுவிய நீர் போல. சாமந்தியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை ஆக்கித் தருவதுதான் அதன் உணவில் பெரும்பங்கு. பழுப்பு நிறமும் பெரும்பாலும் அவற்றால் வருவதே. பாசி வெளியேறி வெளுத்துப்போனது விலைபோகாது என்பதால் சாயம் ஏற்றி விற்கிறார்கள். நான் வாங்கி வந்தது பட்டினி கிடந்த ஓர் உயிரை.

மீன்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை; பம்பின் அடியில் போய் ஒண்டிக்கொண்டன. கடைக்குப் போன் செய்தேன். "வலையில் பிடித்து அதன் மேலேயே விடுங்கள்" என்று பதில் வந்தது. நல்லவேளை, செய்யவில்லை. சுமார் ஆயிரம் சாமந்தி வகைகளில் கோமாளி மீன்களுக்கு இடம் கொடுப்பவை பத்துதான். கடைகளில் அதிகம் கிடைக்கும் கோமாளி மீன் வகையான ஒசெல்லாரிஸ் கடலில் அவற்றிலும் மூன்றோடுதான் வாழ்கிறது. தொட்டியில் வேறு சிலவற்றோடும் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆனால் பண்ணையில் பிறந்த மீன் சாமந்தியைக் கண்டதே இல்லை. சில மீன்கள் மாதக்கணக்கில் யோசிக்கும், சில கடைசிவரை சேராது. அன்றைக்கே சேரும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது.

மூன்றாம் வாரம் மஞ்சள் கரைந்து வெள்ளையாகிவிட்டது. வாய் பிளந்தபடியே கிடந்தது. பிறகு பாதம் பாறையை விட்டது. ஒரு காலையில் பார்த்தால் பாதி உடல் பம்பின் வாயில். தண்ணீர் பால் போலக் கலங்கி, அறை முழுக்க அழுகல் நாற்றம். தண்ணீரில் அமோனியா நஞ்சு இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்க வேண்டிய சோதனைக் குழாய் பச்சைக்கு மாறியிருந்தது. பாதித் தண்ணீரை உடனே மாற்றியதால் மீன்கள் பிழைத்தன.

"உங்கள் தண்ணீர் சரியில்லை" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அதில் பாதி உண்மைதான்: சாமந்திக்குக் குறைந்தது ஆறு மாதம் பழகிய தொட்டி வேண்டும். அதை விற்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே!

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வகையின் பெயரைக் கேளுங்கள். வாய் இறுக மூடியிருக்கிறதா, பாதத்தில் கிழிசல் உண்டா என்று பாருங்கள். உங்கள் கண்ணெதிரே தீனி கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல சாமந்தி அதைப் பற்றிக்கொள்ளும். பையில் போட்டபின் தண்ணீரின் நிறத்தையும் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

என் மீன்கள் இப்போதும் பம்பின் அடியில்தான் தூங்குகின்றன.