தேறாத பறவைப் படங்களும் டார்க்டேபிளும்: மூன்று வருட அனுபவம்

புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரிக் கரையில் நான் எடுத்த முதல் நூறு பறவைப் படங்களில் தொண்ணூறை அங்கேயே, கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து அழித்துவிட்டேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. பாதியாவது தேறியிருக்கும்.

என்னிடம் இருப்பது கேனான் 1500டி, 55-250 லென்ஸ். பறவை எடுக்கிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். தூரத்துப் பறவையை நெருக்கிக் காட்டும் 600 எம்எம் லென்ஸ் வாங்கச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை, அதனால் கம்ப்யூட்டரில் ஒட்டுப்போடும் வேலையில் இறங்கினேன். மூன்று வருடமாக டார்க்டேபிள் என்ற படம் திருத்தும் மென்பொருள்தான். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அவசரத்துக்குப் போனில் ஸ்னாப்சீட் என்ற ஆப்.

என்னை முதலில் இதற்குள் இழுத்துவிட்டது ஒரு பாம்புத்தாரா. மாலை ஐந்தரை மணி. பட்ட கிளையில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. சூரியன் அதற்குப் பின்னால். படத்தில் விழுந்தது வெறும் கரிக்கட்டை உருவம். நல்லவேளையாக ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக் (சுருக்கிய சாதாரணப் படக் கோப்பு) இரண்டிலும் சேமிக்கும்படி வைத்திருந்தேன். ஜேபெக்கில் நிழல் பகுதியை ஏற்றிப் பார்த்தால் முதுகில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக ஏதோ கிளம்பியது. ராவைத் திறந்து அதே அளவு ஏற்றினேன். வெள்ளிக் கம்பி இழுத்த மாதிரி சிறகுக் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் வைத்துக்கொள்ளும். இந்தக் கேமராவின் ரா 14 பிட், அதாவது 16,384 படிகள். அன்று ராத்திரி சாப்பாடு ஆறிப்போய், வீட்டில் திட்டும் வாங்கினேன்.

இருட்டைத் தூக்கிவிடலாம், வெளுத்ததை ஒன்றும் செய்ய முடியாது. உச்சி வெயிலில் எடுத்த வெண்கொக்கு சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி இருந்தது. ஹைலைட்டை, அதாவது அதிக வெளிச்சம் விழுந்த பகுதியை, குறைத்தால் வெள்ளை சாம்பலாக மாறியதே தவிர ஓர் இறகுகூடத் தெரியவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதிலிருந்து வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தே, அதாவது பதியும் வெளிச்சத்தைப் பாதியாக்கியே எடுக்கிறேன். திரையில் இருட்டாகத் தெரிந்தாலும் பயமில்லை, வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

க்ராப், அதாவது ஓரங்களை வெட்டிவிடும் விஷயத்தில் எல்லோருக்கும் பேராசை. படம் 6000க்கு 4000 பிக்சல். பறவை தூரத்தில் இருக்கிறதென்று அகலத்திலும் உயரத்திலும் கால்வாசிக்கு வெட்டினால் மிச்சம் 1500க்கு 1000, மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு. போனில் பார்க்க அது போதும். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சுப் போட்டால் ஐந்து அங்குல அகலத்தைத் தாண்டாது.

பிச்சாவரத்தில் கற்றது இன்னொன்று. சுரபுன்னை நிழலுக்குள் படகு நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும். வேரில் ஒரு கருந்தலை மீன்கொத்தி. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 3200, ஷட்டர் 1/125 விநாடி. படகோ ஆடிக்கொண்டே இருக்கிறது. புள்ளி புள்ளியாக வந்த நாய்ஸை டார்க்டேபிள் பதமாகக் குறைத்துவிட்டது. அது கேமரா மாடலுக்கு ஏற்றபடி குறைக்கும், அந்த ஒன்றுக்காகவே இந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் படகு ஆடியதால் வந்த மங்கலுக்கு மருந்தில்லை. ஷார்ப்னஸை ஏற்ற ஏற்ற அலகைச் சுற்றி வெள்ளைக் கோடு கட்டியது. என் மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, இது பொம்மையா?” என்றாள். இப்போதெல்லாம் ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும் என்று ஷட்டரை 1/800க்குக் கீழே விடுவதில்லை.

நிறத்தில் கைவைத்து ஒருமுறை மானம் போனது. கடலூர் உப்பனாற்றுச் சேற்றில் எடுத்த பச்சைக்காலி. சாயங்கால வெயில் இன்னும் கொஞ்சம் தெரியட்டுமே என்று வொயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சாயலை) மஞ்சள் பக்கம் தள்ளிவிட்டு நண்பர்களுக்கு அனுப்பினேன். பறவை பார்ப்பதில் பழுத்த பெரியவர் ஒருவர் போன் செய்தார். “ஏன் தம்பி, இதுக்குப் பேரே பச்சைக்காலி. நீங்க மஞ்சக்காலி ஆக்கிட்டீங்களே!” கால் நிறத்தை வைத்தே இனம் பிரிக்கிற பறவைகளில் இந்த விளையாட்டு கூடாது. குறுக்கே நிற்கும் குச்சியை அழிப்பதிலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அது அங்கே இருந்தது, இருக்கட்டும்.

அப்புறம், திரை வெளிச்சம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் பத்துப் படம் பிரிண்ட் போட்டேன். எல்லாம் இருட்டு. “ராத்திரி எடுத்ததா தம்பி?” என்று கேட்டார் கடைக்காரர். தப்பு என்னுடையதுதான், லேப்டாப்பின் வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். இப்போது பாதியில் வைத்துத் திருத்துகிறேன், பிரிண்ட் சரியாக வருகிறது.

டார்க்டேபிளில் குறை இல்லாமல் இல்லை. முதல் மாதம் தலை சுற்றும், அத்தனை பகுதிகள். நான் தொடுவது எக்ஸ்போஷர், க்ராப், வொயிட் பேலன்ஸ், நாய்ஸ் குறைப்பு, லோக்கல் கான்ட்ராஸ்ட் இவ்வளவுதான். எட்டு ஜிபி லேப்டாப்பில் நாய்ஸ் குறைப்பைப் போட்டால் மின்விசிறி கத்த ஆரம்பித்துவிடும். மூலப் படத்தை அது தொடுவதே இல்லை, செய்த திருத்தங்களைப் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்று ஒரு குட்டிக் கோப்பில் எழுதி வைக்கும். வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது அவற்றைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டேன். புது டிஸ்க்கில் திறந்தால் ஒரு சீசன் உழைப்பு காணோம். படங்கள் பத்திரமாக இருந்தன, அதுவரை சரி.

அந்தக் கருந்தலை மீன்கொத்தி மட்டும் ‘தேறாதவை’ என்ற ஃபோல்டரில் இன்னும் கிடக்கிறது. புது வெர்ஷன் வரும்போதெல்லாம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். போன வாரமும் பார்த்தேன். மங்கல்தான்.