சீனி டப்பா இருந்த எடத்துல உடன்குடி கருப்பட்டி: எங்க வீட்டு 8 மாச அனுபவம்

எங்க வீட்ல மாசம் 4 கிலோ சீனி வாங்குவோம். அத்தைக்கு சுகர் இருக்கு, அவங்க தொட மாட்டாங்க, அப்போ சாப்பிடறது நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்கன்னு நாலு பேர் தான். ஒரு நாள் மளிகை லிஸ்ட் எழுதறப்ப சும்மா கணக்கு போட்டேன், ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 கிராம் வருது. இதுல பிஸ்கட், கேக், கடை ஜூஸ் எதுவும் சேராது. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது பெரியவங்களுக்கே எல்லாம் சேர்த்து 25 கிராமுக்குள்ள வச்சுக்கிட்டா நல்லதுன்னு. சின்னவனுக்கு ஆறு வயசு தான் ஆகுது, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

சீனிக்கு பதிலா கருப்பட்டிக்கு மாறலாம்னு முதல்ல ஆன்லைன்ல ஒரு கடைல 2 கிலோ ஆர்டர் பண்ணேன், கடை பேர் வேண்டாம். பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, பளபளன்னு, எல்லாம் ஒரே சைஸ். அம்மிக் குழவியால தட்டுனா கண்ணாடி மாதிரி சில்லு சில்லா தெறிக்குது, உடைஞ்ச எடத்துல சீனி மணி மணியா மின்னுது. நாக்குல வச்சா வெறும் இனிப்பு, பனை வாசமே இல்ல. காசு கொடுத்து திரும்பவும் சீனியைத் தான் வாங்கியிருக்கேன்னு புரிஞ்சப்ப ரொம்ப வேதனையா இருந்துச்சு, ஏன்னா நல்லது கொடுக்கறோம்னு நம்பி மூணு வாரம் பசங்களுக்கு அதைத் தான் போட்டு கொடுத்தேன்.

அப்புறம் ஆடி மாசம் திருச்செந்தூர் போனப்ப அப்படியே கருப்பட்டிக்கு பேர் போன உடன்குடிக்கு போயிட்டு வரலாம்னு பஸ் ஏறிட்டோம். பஜார்ல ஒரு சின்ன கடை, போர்டு கூட கிடையாது, ஓலைப் பெட்டில கருப்பட்டி அடுக்கி வச்சிருந்தாங்க. வயசான அண்ணாச்சி ஒருத்தர் ஒண்ணை எடுத்து உடைச்சு கைல கொடுத்து "வாயில போட்டுப் பாருங்கம்மா, பிடிச்சா வாங்குங்க, இல்லன்னா பரவால்ல"ன்னாரு. வெளிய மங்கலா, சிரட்டைல ஊத்துன தடம் அப்படியே தெரியுது, உள்ள கருஞ்சிவப்பு, உடைஞ்ச எடம் மாவு மாவா இருக்கு. வாயில போட்டா முதல்ல லேசா உப்பு கரிக்குது, அப்புறம் தான் மெதுவா இனிப்பு எறங்குது, புகை வாசம் தொண்டை வரைக்கும் நிக்குது. "சுண்ணாம்பு தடவுன கலயத்துல எறக்குனாத்தான் பதநீரு, இல்லன்னா கள்ளுல்லா. 8, 10 லிட்டர் காய்ச்சுனா ஒரு கிலோ தேறும், பாத்துக்கிடுங்க"ன்னு அவர் சொன்னப்ப தான் கிலோ 380 ரூபா ஏன்னு புரிஞ்சுது. காலையும் சாயந்தரமும் மரம் ஏறணும், விறகு எரிக்கணும், நின்னு கிண்டணும். அந்த விலைக்கு பேரம் பேச எனக்கு வாய் வரல. உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கூட கிடைச்சிருக்கு, ஆனா அந்த பேரைப் போட்டு விக்கறதெல்லாம் நல்லதுன்னு நம்பிடாதீங்க, உடைச்சுப் பார்த்து வாங்குங்க.

வீட்டுக்கு கொண்டு வந்ததும் சின்னவன் கருப்பட்டி போட்ட முதல் டம்ளர் பாலை அப்படியே வச்சுட்டான், "அம்மா மண்ணு வாசம் அடிக்குது"ன்னு. ஒரு வாரம் நான் கட்டாயப்படுத்தவே இல்ல. உளுந்தங்களில நல்லெண்ணெய் விட்டு கருப்பட்டி போட்டு கிண்டிக் கொடுத்தேன், அதுல விழுந்தான், இப்போ அவனே கேக்கறான். பயன்படுத்தறவங்களுக்கு ரெண்டு விஷயம்: தண்ணில கரைச்சு கண்டிப்பா வடிகட்டணும், அடில மண்ணும் தூசியும் நிக்கும். இன்னொண்ணு, பால் அடுப்புல கொதிக்கறப்ப போடாதீங்க, எனக்கு ரெண்டு தடவை திரிஞ்சு போச்சு. பாகை தனியா வச்சுக்கிட்டு, பாலை எறக்கி சூடு கொஞ்சம் தணிஞ்சப்பறம் ஊத்துனா ஒண்ணும் ஆகாது.

இப்போ சொல்லப் போறதை தயவுசெஞ்சு கவனமா படிங்க. கருப்பட்டி சுகருக்கு நல்லதுன்னு சொந்தக்காரங்க ஒருத்தர் சொன்னதை நம்பி அத்தை தினம் ரெண்டு வேளை கருப்பட்டி காபி குடிக்க ஆரம்பிச்சாங்க, நானும் தடுக்கல, நானே தான் போட்டும் கொடுத்தேன். மூணு மாச சராசரி காட்டற சுகர் டெஸ்ட் (HbA1c) 7.1 இருந்தது 7.9க்கு வந்துடுச்சு. டாக்டர் திட்டல, "இதுவும் சர்க்கரை தாம்மா, ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது"ன்னு பொறுமையா சொன்னாங்க. அத்தை அன்னிக்கே நிறுத்திட்டாங்க, அடுத்த டெஸ்ட்ல கொறைஞ்சுது. கருப்பட்டில கொஞ்சம் தாது சத்து இருக்குன்னாலும் பெரும்பகுதி சீனில இருக்கற அதே சுக்ரோஸ் தான், கலோரியும் கிட்டத்தட்ட அதே அளவு. அத்தைக்கு இப்போ சீனித்துளசி (ஸ்டீவியா) பொடி துளியூண்டு போடறோம், கடைசில ஒரு கசப்பு நிக்குது, பழகிட்டாங்க. பசங்களுக்கு அது கொடுக்கறதில்ல.

மத்ததெல்லாமும் முயற்சி பண்ணோம். நாட்டுச்சர்க்கரை கவுந்தப்பாடி பக்கத்துது தான் வாங்கறேன், பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்து தான் போகுது. வெளிர் மஞ்சளா இருந்தா வாங்காதீங்க, நெறத்துக்காக ஹைட்ரோஸ்ங்கற வெளுக்க வைக்கற ரசாயனம் போட்டிருக்க வாய்ப்பு இருக்கு, கொஞ்சம் கருப்பா இருக்கறதை எடுங்க. பேரீச்சம்பழம் ஊற வச்சு அரைச்சு மில்க்‌ஷேக்ல போட்டா பெரியவனுக்கு உயிர். தேன் எப்பவாவது. ஒரு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு மட்டும் தேன் நாக்குல கூட தடவாதீங்க, வீட்ல பெரியவங்க எவ்ளோ சொன்னாலும் சரி, அதுல வரக்கூடிய கிருமியை அந்த வயசு குடல் தாங்காது.

இப்போ மாசக் கணக்கு கருப்பட்டி ஒண்ணேகால் கிலோ, நாட்டுச்சர்க்கரை ஒரு கிலோ, ஆளுக்கு 19 கிராம் பக்கம் வருது. இதுக்காக யாரையும் நான் அதட்டல. சீனின்னா கை பாட்டுக்கு ரெண்டாவது ஸ்பூன் போகும், கருப்பட்டில அந்த வாசமே போதும்னு சொல்லிடுது, விலையும் கையைப் பிடிக்குது. எனக்கு கிடைச்ச பலன் இந்த அளவு கொறைஞ்சது தான், வேற பெரிய மாயமெல்லாம் இல்ல.

கஷ்டம்னு பார்த்தா மழைக்காலத்துல கசிஞ்சு பிசுபிசுன்னு ஆயிடுது. ஐப்பசில அரை கிலோ வீணா போச்சு, இப்போ மண்பானைல ஓலையைப் போட்டு அடுப்பு மேல பரண்ல வச்சிருக்கேன், கெடல. கூரியர்ல வாங்கறப்ப பாதி தூளா வருது, பாகு காய்ச்சறதுன்னா அதுவும் பிரச்சனை இல்ல. பங்குனி பொறந்து பதநீர் எறங்குனதும் போன் பண்றேன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காரு, புதுசு காய்ச்சுனதும் 5 கிலோ எடுத்து வைக்க சொல்லியிருக்கேன்.