அக்காவுக்குக் கருப்பை வாய்ச் சோதனை: இந்த முறை ஊருக்குப் போனபோது

இந்த முறை ஐந்து வாரம் விடுப்பு கிடைத்தது. போகும்போதே ஒரு விஷயத்தை முடிவு செய்துகொண்டுதான் போனேன், அக்காவைக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும். அவளுக்கு 46 வயது, ஒரு தடவைகூடச் செய்ததில்லை. நான் இருக்கும் நாட்டில் வயது வந்ததும் சோதனைக்கு வரச் சொல்லி வீட்டுக்கே கடிதம் வந்துவிடும், அவளிடம் இதுவரை யாரும் பேசியதுகூட இல்லை. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்குடி?" என்றாள். ஒன்றும் இல்லாதபோதே செய்ய வேண்டிய சோதனைதான் இது, தொந்தரவு தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் கிளப்பினேன்.

முதல் நாள் நன்றாகவே போனது. நர்ஸ் கதவைத் தாழிட்டுவிட்டு, போர்த்திக்கொள்ளத் துணி கொடுத்து, "வலிச்சா உடனே சொல்லுங்கம்மா, நிறுத்திடறேன்" என்றார். சின்ன பிரஷ் ஒன்றைக் கருப்பை வாயில் சுழற்றி எடுத்து ஒரு திரவக் குப்பிக்குள் போட்டார். மொத்தமே இரண்டு மூன்று நிமிடம். கூச்சப்படுகிறவர்கள் மறைவாகப் போய்த் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். அங்கே செய்தது எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை, அதாவது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸின் மரபுப் பொருளைத் தேடுவது. அதற்கு அப்படி எடுத்தாலும் போதும், அந்த மரபுப் பொருளைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் பார்த்தால் டாக்டர் எடுத்த மாதிரிக்கு இணையாகவே கண்டுபிடிக்கும்.

பிரச்சினை முடிவு வந்த நாளில்தான். அன்று பார்த்து நான் கூடப் போக முடியவில்லை. கவுண்டரில் இருந்தவர் பெயரைக் கூப்பிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் "பாசிட்டிவ், பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று சீட்டை நீட்டியிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு, எத்தனை நாளுக்குள், ஒரு வார்த்தை கிடையாது. அக்கா அந்தச் சீட்டை நாலாக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்துவிட்டாள். நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோதுதான் எடுத்துக் காட்டினாள், மடிப்பெல்லாம் வியர்வையில் நைந்திருந்தது. புற்றுநோய் என்ற பயத்தைவிட, இது உடலுறவால் வருவது என்று யாரோ சொல்லக் கேட்டதுதான் அவளை அதிகம் வாட்டியிருக்கிறது. "உங்க அத்தான் என்னை என்னன்னு நினைப்பாரு?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரி வெகுநேரம் பேசினோம். எச்.பி.வி. யாருடைய ஒழுக்கத்துக்கும் அத்தாட்சி இல்லை. உடலுறவில் இருக்கும் ஆண், பெண் கிட்டத்தட்ட எல்லாருக்குமே வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றும், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். எப்போதோ தொற்றியது பல வருடம் கழித்தும் சோதனையில் தெரியலாம், அதனால் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தாலும் 16, 18 என்ற இரண்டு வகைகளால்தான் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் வருகிறது. அதுவும் தொற்று போகாமல் தங்கி, செல்கள் மாறி, புற்றுநோயாக முற்றுவதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 வருடம் ஆகும். எய்ட்ஸ் கிருமித் தொற்றுக்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை அக்கா, அடுத்த படியைப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம் என்றேன். அப்புறம்தான் அழுதாள்.

எந்தப் பிரிவுக்குப் போவது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் அலைந்தோம். ஆனால் கால்போஸ்கோப்பி, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை, செய்த டாக்டரைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டும். முதலில் ஒரு தாளில் கருப்பை வாயை வரைந்து, இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் இடத்தைச் சுற்றிக் காட்டி, மாற்றம் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கும் என்று விளக்கினார். பிறகு வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் தடவிவிட்டு, ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னார். அக்கா என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். திரையில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த இடத்தில் ஓரமாக ஒரு திட்டு மட்டும் மெதுவாக வெளுத்தது. மாறிய செல்கள் இருக்கும் இடம்தான் அப்படி வெளுக்கும் என்பதால், அங்கேதான் பயாப்சிக்குத் துளிச் சதை எடுத்தார்.

முடிவு சி.ஐ.என். 2, புற்றுநோய்க்கு முந்தைய நிலை. நான் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் லீப் சிகிச்சை நடந்தது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் மாறிய பகுதியைச் சீவி எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். சில வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது, உடலுறவு கூடாது, ரத்தம் அதிகமாகப் போனால் உடனே வர வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள்.

எனக்கு ஆறாத கோபம் அந்தச் சீட்டு மேல்தான். உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்த இலக்கில் 35 வயதுக்குள் ஒரு தடவை, 45க்குள் இன்னொரு தடவை என 70 சதவீதப் பெண்களுக்குச் சோதனை நடக்க வேண்டும் என்பதோடு, பாதிப்பு இருப்பவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சையும் கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதி கவுண்டரிலேயே நின்றுபோகிறது. நான் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சீட்டு இன்னும் கைப்பைக்குள்ளேயேதான் இருந்திருக்கும். சோதனை செய்த இடத்தில் பொறுப்பில் இருப்பவரைப் பார்த்து, முடிவைத் தனி அறையில் சொல்லுங்கள், அடுத்து போக வேண்டிய இடத்தையும் தேதியையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்கா மகளுக்கு 13 வயது. எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கெனவே இருக்கிற தொற்றைப் போக்காது, தொற்றுக்கு முன்பே போட வேண்டும், அதனால் அவளுக்கும் நாள் குறித்தாயிற்று. போன வாரம் அக்கா வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை அனுப்பினாள், வெட்டி எடுத்த ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன. பன்னிரண்டு மாதம் கழித்து மறுபடி எச்.பி.வி. சோதனை. அந்த மாதத்துக்கு இப்போதே விடுப்பு கேட்டு வைத்திருக்கிறேன்.