குன்னூரில் ஒரு ஸ்டாண்டப் மாலை, தவறவிடாதீர்கள்

போன சனிக்கிழமை குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு கஃபேயில் தமிழ் ஸ்டாண்டப் காமெடி ஷோ, ஒரே ஆள் மைக் முன்னால் நின்று சிரிக்க வைப்பது. டிக்கெட் 300 ரூபாய், டீயும் வர்க்கியும் சேர்த்து. பேசியவர் பல வருஷம் டிவி காமெடிக்கு எழுதியவர், முகம் நமக்குத் தெரியாது, ஆனால் அவர் எழுதியதற்கு வீட்டில் உட்கார்ந்து சிரித்திருப்போம். லொள்ளு சபாவிலிருந்து சந்தானமும் கலக்கப்போவது யாருவிலிருந்து சிவகார்த்திகேயனும் சினிமாவுக்குப் போனது ஊருக்கே தெரியும், அந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள், அதைத்தான் இவர் ஒரு மணி நேரம் பேசினார். டிவியில் ஜோக் எடுபடாவிட்டால் எடிட்டிங்கில் சிரிப்புச் சத்தம் சேர்த்துவிடலாம், இங்கே 40 பேர் சும்மா இருந்தால் அடுத்த வரியை நின்ற இடத்திலேயே மாற்றியாக வேண்டும். மாற்றினார், கண்ணெதிரே பார்த்தேன், அசந்துவிட்டேன். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த கதைக்கு என் பக்கத்தில் இருந்த பாட்டிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

குறை? முக்கால் மணி நேரம் தாமதம், மைக் இரண்டு தடவை கட். கோத்தகிரிக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். ஐந்து மணிக்கே ஆரம்பியுங்கள், தயவுசெய்து. அப்புறம், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ஜன்னல் மூடவில்லை.