கேலிப்ரேஷனை யாரிடம் கொடுப்பது: தயாரிப்பாளரா, ஆய்வகமா, நாமேவா?

இயந்திரப் பட்டறை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். மைக்ரோமீட்டர், வெர்னியர், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த முறுக்கு விசையில் முடுக்கும் ஸ்பானர்), பிரஷர் கேஜ், தராசு என்று அளவுக் கருவிகள் நிறையப் புழங்கும் இடம். இவற்றின் கேலிப்ரேஷனை, அதாவது சரியான அளவோடு ஒப்பிட்டு எவ்வளவு பிழை காட்டுகிறது என்று பார்க்கும் வேலையை, யாரிடம் கொடுப்பது என்று சமீபத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தோம். மூன்று வழிகள் இருந்தன. கருவியைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஒன்று. ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025-இன்படி அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகம் இன்னொன்று. மாஸ்டர் (ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளும் மூல அளவு) வாங்கி வைத்து நாமே செய்துகொள்வது மூன்றாவது. பெரும்பாலான கருவிகளுக்கு ஆய்வகம் என்று முடிவானது. நான் சொல்லப்போவதும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கட்டணம், எத்தனை நாளில் திரும்பும், யார் எடுத்துப்போவது என்பதெல்லாம் கொட்டேஷன் வாங்கினாலே தெரிந்துவிடும். அதில் அலச ஒன்றுமில்லை.

நாமே செய்வதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு ஸ்லிப் கேஜ் செட் (துல்லியமான நீளத்துக்குச் செய்த எஃகுக் கட்டைகள்) இருந்தால் மைக்ரோமீட்டருக்கு வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் நீள அளவுகளுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒரு மீட்டருக்கு டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். 100 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜ் 30 டிகிரியில் 11 மைக்ரானுக்கு மேல் கூடியிருக்கும். மைக்ரோமீட்டரும் எஃகுதானே, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும் என்பது சரி. ஸ்லிப் கேஜை விரலில் பிடித்தபடியே ரீடிங் எடுத்தால் அடிபடாது. எந்த அளவுகளில் சோதிப்பது என்பதும் உண்டு. 5, 10, 15, 20 என்று வைத்துப் பார்த்தால், திருகின் ஒரு சுற்று அரை மில்லிமீட்டர் என்பதால், திம்பிள் (சுழற்றும் உருளை) ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் ஒளிந்திருக்கும் பிழை கண்ணில் படவே படாது. மைக்ரோமீட்டருக்கென்று வரும் ஸ்லிப் கேஜ் செட்டில் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று ஒழுங்கில்லாத எண்கள் இருப்பது இதற்காகத்தான். இத்தனையும் கவனித்துச் செய்ய ஆள் இருந்தாலும், அந்த மாஸ்டரை யாராவது கேலிப்ரேட் செய்து தர வேண்டுமே. கடைசியில் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். நூற்றுக்கணக்கில் ஒரே வகைக் கருவி வைத்திருக்கும் பெரிய தொழிற்சாலைக்கு இது கட்டுப்படியாகும். எங்களைப் போன்ற இடத்துக்கு, இரண்டு கேலிப்ரேஷனுக்கு நடுவே செய்யும் சரிபார்ப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதை மட்டும் விடவே கூடாது.

தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்கு உள்ள பலம் பழுது பார்ப்பது. உதிரி பாகம், உள்ளே இருக்கும் மென்பொருள், அட்ஜஸ்ட் செய்யும் வழி எல்லாம் அவர்கள் கையில். உடைந்துபோன டிஜிட்டல் கருவியை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பலமே கேலிப்ரேஷனில் ஒரு தொல்லையாகிறது, என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்.

ஒரு டார்க் ரெஞ்ச் சர்வீஸுக்குப் போய்த் திரும்பியது. சர்டிபிகேட்டில் 100 நியூட்டன் மீட்டர் செட்டிங்குக்கு 100.3 என்று ரீடிங், கீழே பாஸ் என்று முத்திரை. படிக்க நன்றாகத்தான் இருந்தது. அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் எவ்வளவு காட்டியது என்று கேட்டதற்கு, வந்ததும் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, செட் செய்துவிட்டுத்தான் ரீடிங் எடுப்போம், முன் ரீடிங் எடுக்கும் வழக்கமில்லை என்றார்கள்.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். கருவி இப்போது சரியாக இருக்கிறது என்பது இனிமேல் செய்யப்போகும் வேலைக்குப் பதில். போன வருடம் முழுக்க அந்த ரெஞ்சால் முடுக்கிய போல்ட்டுகளுக்கு அது பதில் இல்லை. அந்த ரெஞ்ச் 100 செட்டிங்கில் 99 கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு கவலையும் இல்லை. 93 கொடுத்திருந்தால், ஐஎஸ்ஓ 6789 இந்த வகை ரெஞ்சுக்கு அனுமதிக்கும் 4 சதவீதத்தைத் தாண்டி, எல்லா போல்ட்டும் தளர்வாகவே வெளியே போயிருக்கும். கருவி சரியில்லை என்று தெரிந்தால் அதற்கு முன் எடுத்த அளவுகள் செல்லுமா என்று பார்க்க வேண்டும் என்கிறது தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015, பிரிவு 7.1.5.2. முன் ரீடிங்கை அழித்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. ஆடிட்டருக்காக மட்டும் சொல்லவில்லை. அனுப்பிய பொருளை நம்பி ஒருவர் வேலை செய்கிறார்.

கருவி கைக்கு வந்தபோது காட்டிய இந்த அளவைத் தொழிலில் ஆஸ் ஃபவுண்ட் என்பார்கள், அட்ஜஸ்ட் செய்த பிறகு எடுப்பது ஆஸ் லெஃப்ட். அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த ரீடிங் இருந்தால் இரண்டும் சர்டிபிகேட்டில் வர வேண்டும் என்பது 17025-இன் விதி. ‘இருந்தால்’ என்ற அந்த இடத்தில்தான் பலர் நழுவுகிறார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்வகம், கேட்காமலேயே கருவியைத் தொடுவதற்கு முன் ரீடிங் எடுத்து எழுதுகிறது. எல்லையைத் தாண்டியிருந்தால் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் அட்ஜஸ்ட் செய்கிறது. எல்லைக்குள் இருந்தால் கை வைப்பதே இல்லை. யாரிடம் கொடுத்தாலும் பர்ச்சேஸ் ஆர்டரில் இந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள்: அட்ஜஸ்ட் செய்வதற்கு முந்தைய ரீடிங் இல்லாத சர்டிபிகேட்டை ஏற்க மாட்டோம்.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் முடியாது. அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, இந்த அளவு, இந்த வரம்பு, இவ்வளவு நிச்சயமின்மை (அளவில் இருக்கக்கூடிய சந்தேக வரம்பு) என்று பட்டியலிட்டுத்தான் கிடைக்கும். பட்டியலில் 300 மில்லிமீட்டர் வரைதான் இருக்கிறது என்றால் 600 மில்லிமீட்டர் வெர்னியருக்கு அங்கீகார முத்திரையோடு சர்டிபிகேட் வராது. நிச்சயமின்மை எண்ணையும் படிக்க வேண்டும். அனுமதித்த பிழை 4 மைக்ரான், கண்ட பிழை 3, நிச்சயமின்மை 2 என்றால் உண்மைப் பிழை 1 முதல் 5 வரை எங்கும் இருக்கலாம். பாஸ் என்று போட்டிருந்தால் எந்த முடிவு விதியின்படி, அதாவது நிச்சயமின்மையை எப்படிக் கணக்கில் எடுத்து, என்று கேளுங்கள். நல்ல ஆய்வகம் வேலை தொடங்கும் முன்பே அதைப் பேசிவிடும்.

தராசு விஷயம் வேறு. அதை ஆய்வகத்துக்கு அனுப்பக் கூடாது, ஆய்வகம்தான் எடைக்கற்களோடு நம் இடத்துக்கு வர வேண்டும். புவியீர்ப்பு நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832 மீட்டர்/வினாடி². நிலநடுக்கோட்டில் 10 கிலோவுக்குச் சரிசெய்த மின்னணுத் தராசு துருவத்துக்குப் போனால் 53 கிராம் வரை தவறும். நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது என்றாலும், நுட்பமான தராசுக்குச் சின்ன இடமாற்றமே போதும். போக்குவரத்தில் படும் குலுக்கல் வேறு. நேரில் வந்து செய்யும் வேலைக்கு ஆய்வகத்தின் நிச்சயமின்மை பெரும்பாலும் சற்றுக் கூடுதலாக இருக்கும், பட்டியலில் அதைத் தனியாகப் பாருங்கள்.

மின் அளவிகளைப் பற்றி அடித்துச் சொல்லும் அளவுக்கு எங்களிடம் புழக்கம் இல்லை, சில மல்டிமீட்டர்களோடு சரி. உலைகளில் போடும் தெர்மோகப்பிளையும் (வெப்பநிலை அளக்கும் கம்பி சென்சார்) இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சூடுபட்டுப் பழகிய கம்பியைக் கழற்றி ஆய்வக உலையில் வேறு ஆழத்துக்குச் செருகினால், அது வேலை செய்யும் இடத்தில் காட்டிய பிழையே அங்கேயும் தெரியும் என்று நம்ப முடியாது. அதை இருக்குமிடத்திலேயே இன்னொரு சென்சாரோடு ஒப்பிடுவதுதான் முறை.

அப்புறம், அடுத்த தேதி. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் தவிர, ஆய்வகம் சர்டிபிகேட்டில் அடுத்த கேலிப்ரேஷன் எப்போது என்று பரிந்துரைக்கக் கூடாது. ஸ்டிக்கரில் வரும் தேதி நம் முடிவு. ஆஸ் ஃபவுண்ட் எண்களை வரிசையாக எழுதி வைத்தால் அது எளிதாகிவிடுகிறது. தொடர்ந்து எல்லைக்குள் வசதியாக நிற்கும் வெர்னியருக்கு இடைவெளியை நீட்டினோம். ஒவ்வொரு முறையும் எல்லையை நோக்கி நகரும் பிரஷர் கேஜுக்குக் குறைத்தோம். டார்க் ரெஞ்சுக்கு மாதக் கணக்கு மட்டும் போதாது. 12 மாதம் அல்லது 5,000 முடுக்கல், எது முந்துகிறதோ அது என்பதுதான் தொடங்குவதற்கு ஏற்ற அளவு. அசெம்ப்ளியில் ஓயாமல் உழைக்கும் ரெஞ்ச் அந்த ஐயாயிரத்தைச் சில வாரங்களிலேயே தொட்டுவிடும், அதனால் அதன் அட்டையில் தேதிக்குப் பக்கத்தில் முடுக்கல் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்.