கொங்கண் கடலோரம் சைக்கிள்ல போறவங்களுக்கு ஜங்கார் சர்வீஸ் எப்படி? போயிட்டு வந்தவன் ரிவ்யூ

மும்பைலருந்து கோவாவுக்கு சைக்கிள்ல போகணும்னா எல்லாரும் மொதல்ல மேப்ல 66ஆம் நம்பர் ஹைவேயத்தான் பாப்பாங்க, பன்வேல்ல ஆரம்பிச்சு நம்ம கன்னியாகுமரி வரைக்கும் வர்ற அதே ரோடு. தயவு செஞ்சு அதுல போகாதீங்க. லாரியும் பஸ்ஸும் காதோரமா உரசிட்டுப் போகும், கடல் கண்ணுலயே படாது. கடலை ஒட்டியே வேற ஒரு வழி இருக்கு, மும்பைக்கு எதிர்க்கரைல இருக்கற ரேவஸ்லருந்து கோவா எல்லைக்கிட்ட இருக்கற ரெட்டி வரைக்கும், ஆனா அது ஒரே நீட்டு ரோடு கிடையாது, ஆறு கடல்ல விழுற எடத்துக்கு எடம் அறுந்து கெடக்கும். அந்த அறுந்த எடத்தை எல்லாம் சேத்து வைக்கிறது ஜங்கார், அதாவது ஆளையும் வண்டியையும் ஏத்திட்டு ஆத்தைத் தாண்டுற தட்டைப் படகு. அங்க உள்ளவங்க ஜங்கல் ஜெட்டின்னு சொல்றாங்க. கார் பைக்ல போறவங்க எழுதுன ரிவ்யூ நெறைய இருக்கு, சைக்கிளுக்கு எப்படின்னு தமிழ்ல நான் எங்கயும் பாக்கல, அதான் எழுதுறேன்.

போன ஜனவரில நானும் என் ஃப்ரெண்டும் ஒம்போது நாள் ஓட்டுனோம். ரெண்டு பேருக்குமே ஈசிஆர்ல ஓட்டுன பழக்கம், சென்னை டு பாண்டிச்சேரி பல தடவை. அதை வச்சு இதைக் கணக்குப் போட்டுறாதீங்க. நம்ம கடற்கரை தட்டையா மணலா இருக்கும். அங்க சஹ்யாத்ரி மலை கடலுக்குப் பக்கத்துலயே நிக்குது, மலைக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கறது செம்புறாங்கல் மேடு, மேல ஒரு மரம்கூட இல்லாத மொட்டைப் பாறை, மேட்டுக்குக் கீழ கழிமுகம், கழிமுகத்துல ஊரு. அதனால ஒவ்வொரு ஆத்துக்கும் மேட்டுலருந்து சர்ருன்னு எறங்கணும், தண்ணியத் தாண்டணும், அந்தப் பக்கம் அதே அளவு திரும்ப ஏறணும். சாயங்காலம் வாட்ச்ல பாத்தா அறுவது கிலோமீட்டர்தான் காட்டும், ஆனா ஏறுனது ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கும். என் சைக்கிள்ல முன்னாடி சின்னப் பல்சக்கரத்துல 26 பல்லு, பின்னாடி பெருசுல 34, அதுலயும் சில ஏத்தத்துல எந்திரிச்சு நின்னுதான் மிதிச்சேன். ரோடு பைக்ல முன்னாடி 34, பின்னாடி 28 பல்லு வச்சுக்கிட்டு பையோட வராதீங்க, முட்டி போயிரும்.

மொத கப்பல் மும்பை பாவுச்சா தக்காலருந்து மாண்ட்வா. இது ஜங்கார் இல்ல, வண்டிய ஓட்டிட்டே ஏத்தி எறக்குற பெரிய ரோ-ரோ கப்பல், 2020 மார்ச்ல ஆரம்பிச்சது. சைக்கிளைக் கீழ கார் நிக்கிற தட்டுல ஏத்திட்டு மேல போய் உக்காந்துக்கலாம், ஒரு மணி நேரத்துல அந்தப் பக்கம். ரோட்டு வழியா நூறு கிலோமீட்டருக்கு மேல சுத்தணும், அதுவும் நவி மும்பை டிராஃபிக்ல. டூரை இங்கருந்துதான் ஆரம்பிக்கணும், வேற யோசனையே வேணாம். எறங்குனதும் அலிபாக், ரேவ்தண்டா, கோர்லாய், காஷித், முருட்னு மொத நாளு லேசா போயிரும்.

முருட் தாண்டுனா அகர்தண்டா - திகி ஜங்கார். சித்தின்னு சொல்ற ஆப்பிரிக்க வம்சாவளி ராஜாக்களோட ஜஞ்சீரா கோட்டை இருக்குல்ல, யாராலயும் புடிக்க முடியாத கோட்டைன்னு சொல்லுவாங்களே, அது இந்த ராஜ்புரி கழியோட வாயிலதான் கடலுக்குள்ள நிக்குது. ஜங்கார்ல கால் மணி நேரம் மாதிரி ஆகும். சைக்கிளுக்கு டிக்கெட் டீ செலவுதான். டெக்ல வேலை பாக்குற பையன் எங்களைப் பாத்ததும் "தாதா, இக்கடே"ன்னு (அங்க தாதான்னா அண்ணன்) ஓரத்துக்குக் கூப்ட்டு, கம்பில சைக்கிளைச் சாச்சு, அவனே கயித்தை எடுத்து ஹேண்டிலைக் கட்டி விட்டான். நாங்க கேக்கவே இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஜங்கார்லயும் இதே மாதிரிதான் நடந்துச்சு, அதனால மனசாரச் சொல்றேன், சைக்கிள்காரனை மதிக்கிற சர்வீஸ் இது.

திகில எறங்கி திவேஆகர், அங்கருந்து ஷேக்காடி வழியா ஸ்ரீவர்தன். இந்த இருவது கிலோமீட்டர் சொச்சத்துக்காகவே டிக்கெட் போட்டு வரலாம். ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல, கருப்புப் பாறைல அலை அடிச்சு நொரை தெறிக்கிறது ஹேண்டில்ல இருக்கற கைக்குத் தெரியும், ஒரு வளைவு ஏறுனா ஒரு சின்னக் குடா, எறங்குனா மீன் காயப் போட்ட ஒரு ஊரு, மறுபடி ஏத்தம். நாங்க காலைல ஏழு மணிக்கு உள்ள போனோம், ஸ்ரீவர்தன் போய்ச் சேர பத்தரை ஆச்சு, ஓட்டுனதைவிட நின்னதுதான் அதிகம். ஸ்ரீவர்தன்ல ஊர் பூரா பாக்குத்தோப்பு, திடீர்னு வெயில் போயி குளு குளுன்னு ஆயிரும்.

ஹரிஹரேஷ்வர் தாண்டி பாக்மாண்ட்லா - வேஷ்வி. சாவித்திரி ஆறு, பாங்கோட் கழி. சின்ன கிராஸிங்தான், சட்டுன்னு முடிஞ்சுரும். எறங்கி வேளாஸ், கேள்ஷி, ஆஞ்சர்லே, ஹர்ணை. வேளாஸ்லயும் ஆஞ்சர்லேலயும் பங்குனி ஆமை முட்டைய ஊர்க்காரங்களே காவல் காத்து குஞ்சைக் கடல்ல விடுறாங்க, அதைப் பாக்கணும்னா பிப்ரவரி கடைசிக்கு மேல வரணும், ஆனா அப்ப வெயில் ஏறிரும், ரெண்டும் சேந்து கெடைக்காது. ஹர்ணைல சாயங்காலம் மீன் ஏலம் பாருங்க, படகு கரைக்கு வர்றதுக்குள்ள மாட்டு வண்டி தண்ணிக்குள்ளயே போயி மீனை ஏத்திட்டு வருது.

அடுத்தது தாபோள் - தோபாவே. என்னைக் கேட்டா எல்லாத்துலயும் பெஸ்ட் இதுதான். கொங்கண்ல ஜங்கார் வந்ததே 2003ல இங்கருந்துதான். வாசிஷ்டி ஆறு இங்க ரொம்ப அகலம். ஜங்கார் இல்லைன்னா தாபோலி, கேட், சிப்ளூண்னு உள்ளுக்குள்ள போயி குஹாகர் வரணும், நூறு கிலோமீட்டருக்கு மேல, ஒன்றரை நாள் போயிரும். அதைக் கால் மணி நேரத்துல முடிச்சுக் குடுக்குது. தாபோளுக்கு எறங்குற எறக்கம் செங்குத்தா இருக்கும், ரெண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் புடிங்க, நாங்க நடுவுல நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாத்தோம், விரல் வைக்க முடியல. கீழ வந்தா துறைக்குப் பக்கத்துலயே பழைய பிஜப்பூர் காலத்து மசூதி, ஒரு காலத்துல அரபுக் குதிரை எறங்குன துறைமுகம் இது. இப்ப நாலு டீக்கடை. அந்தப் பக்கம் பாத்தா பவர் பிளான்ட் புகைக்கூண்டு, அமெரிக்கக் கம்பெனி என்ரான் என்ரான்னு தொண்ணூறுகள்ல பேப்பர் பூரா அடிபட்டுச்சே, அதேதான்.

இந்த எடத்துல ஒண்ணு கவனிக்கணும். துறைல சாய்வா சிமெண்டு போட்ருப்பாங்க, ஓதம் (கடல் தண்ணி ஏறி எறங்குறது) வத்தி இருக்கும்போது கீழ் பாதில பச்சையா பாசி தெரியும். சைக்கிள் ஷூவுக்கு அடில பெடல்ல மாட்டுற இரும்பு கிளீட் இருந்தா அதுல கால் நிக்காது. நான் அதுக்கு முன்னாடியே செருப்பு மாத்திட்டேன், ஃப்ரெண்டு மாத்தல, பாதில வழுக்கி சைக்கிளோட சாஞ்சுட்டான், நல்ல வேளை பை தாங்கிருச்சு. பாசி இல்லாத ஓரமா, ரெண்டு பிரேக்கும் புடிச்சு, உருட்டிட்டே போங்க. ஓட்டிக்கிட்டு ஏறாதீங்க.

குஹாகர், வேள்ணேஷ்வர், ஹேத்வின்னு போயி தவ்சாள் - ஜைகட் ஜங்கார், இது சாஸ்திரி ஆறு. தவ்சாளுக்கு எறங்கும்போதுதான் எனக்கு ஆச்சு. பின்னாடி டக் டக்னு ஒரு சத்தம், அப்புறம் கேரியர் பக்கத்துல தொங்குற இடது பேனியர் பை சக்கரக் கம்பில உரசுற சத்தம். நிறுத்திப் பாத்தா கேரியரை ஃப்ரேமோட சேக்குற கீழ் போல்ட்டைக் காணோம். டூருக்கு முன்னாடி எங்க ஊர்ல ஒரு கடைல காசு குடுத்து மாட்டுன கேரியர், வாஷர் இல்ல, மரை லூசாகாம இருக்கத் தடவுற பசையும் இல்ல, வெறும் போல்ட்டை முறுக்கி அனுப்பிருக்காங்க. பதினஞ்சு கிலோ லக்கேஜ் தொங்குற எடத்துல அப்படிச் செஞ்சா எறக்கத்துல ஆளு போயிரும். எனக்கு அன்னிக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. எந்தக் கடைல மாட்டுனாலும் வீட்டுக்கு வந்து ஒரு தடவை நீங்களே ஆலன் கீ போட்டுப் பாத்துக்கங்க.

வெயில்ல ரோட்டோரமா உக்காந்து என்ன பண்றதுன்னு முழிச்சப்ப ஃப்ரெண்டுதான், "டேய், பாட்டில் ஸ்டாண்டு போல்ட்டக் கழட்டு"ன்னான். ரெண்டும் அதே அஞ்சு எம்எம் மரைதான். பாட்டில் ஸ்டாண்டுல ரெண்டு போல்ட் இருக்கும், ஒண்ணைக் கழட்டி கேரியர்ல போட்டேன், நீளம் கொஞ்சம் கம்மி, ஆனா புடிச்சுக்கிச்சு. ட்யூப்பை வெட்டி ஒரு சின்ன ரப்பர் துண்டை நடுவுல வச்சு இறுக்குனோம், கோவா வரைக்கும் அசையல. பாட்டில் ஸ்டாண்டுக்கு ஒரு ஜிப் டை போட்டுக் கட்டிட்டேன். இந்த மாதிரி டூர் போறவங்க அஞ்சு எம்எம் போல்ட் நாலு, ஜிப் டை பத்து எப்பவும் பைல வச்சுக்கங்க, வெயிட்டே கெடையாது. வழில பைக் மெக்கானிக் உண்டு, ஆனா சைக்கிள் பார்ட்ஸுக்கு ரத்னகிரி வரைக்கும் எதையும் நம்பாதீங்க.

ஜைகட்லருந்து மால்குண்ட், கண்பதிபுலே, ஆரே-வாரே, ரத்னகிரி. ஆரே-வாரே ஏத்தத்து உச்சில நின்னு ரெண்டு பக்கமும் ரெண்டு பீச்சைப் பாக்கலாம், எல்லாரும் போட்டோ எடுக்குற எடம், கூட்டம் இருக்கும். ரத்னகிரிக்குத் தெக்க பெரும்பாலான ஆத்துக்குப் பாலம் வந்துருச்சு, அதனால ஜங்கார் பேச்சு அதோட கொறைஞ்சுரும். விஜய்துர்க், தேவ்கட், மால்வண், வெங்குர்லா எல்லாம் நல்லா இருக்கு, ஆனா நடுவுல தண்ணி மேல உக்காந்து காலை நீட்ற அந்தக் கால் மணி நேரம் கெடைக்காது. எறக்கத்துல கை வலிச்சு வந்து நிக்கிறோம், எதுத்தாப்புல அடுத்த ஏத்தம் தெரியுது, சரியா அந்த நேரத்துல ஒருத்தன் உக்கார வச்சு கூட்டிட்டுப் போறான். உடம்புக்கு அது எவ்ளோ பெரிய உதவின்னு பாலத்துல ஓட்டும்போதுதான் புரிஞ்சுது. இந்த வடக்குக் கழிக்கெல்லாம் பாலம் கட்டுற திட்டம் இருக்கு, ஊர்க்காரங்களுக்கு அது வேணும், ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஜங்கார் ஓடாதே. சைக்கிள்ல போகணும்னு நெனைக்கிறவங்க தள்ளிப் போடாதீங்க, அவ்ளோதான்.

சாப்பாடு பத்தி ஒரு வரி. ஹோட்டல் தேடாதீங்க, வீட்டுச் சாப்பாடுன்னு போர்டு போட்ருப்பாங்க, காலைலயே ஃபோன் பண்ணிச் சொன்னாதான் மதியம் கெடைக்கும். அரிசி பாக்ரி (அரிசி மாவு ரொட்டி), சுர்மை வறுவல் (நம்ம வஞ்சிரம்), கடைசில சோல்கடி. தேங்காப்பால்ல கோகம் புளி கரைச்சு பூண்டு தட்டிப் போட்டது, வெயில்ல ஓட்டிட்டு வந்து ரெண்டு டம்ளர் குடிச்சா வயிறு அப்படியே அடங்குது. காலைல காவ்ணே, நம்ம நீர் தோசை மாதிரி. சைவம் சாப்புடறவங்களுக்கும் கஷ்டம் இல்ல, கண்பதிபுலேல சுடச்சுட மோதகம் நெய் விட்டுத் தருவாங்க.

கடைசி தேரேகோல் - கேரி ஃபெர்ரி, இது கோவா அரசாங்கத்தோடது. நாங்க போனப்ப சைக்கிளுக்குக் காசு வாங்கல. ஓதம் ரொம்ப வத்துனா ஓடாது, அதனால முன்னாடி நாளே ஓத நேரம் பாத்துக்கங்க. திரும்ப வர திவிம் ஸ்டேஷன், சைக்கிளைப் பார்சல்ல புக் பண்ணணும், ட்ரெயினுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போயிருங்க.

மழைக்காலத்துல வேணாம், கடல் மோசமா இருந்தா சர்வீஸை நிறுத்திருவாங்க. நவம்பர் கடைசிலருந்து பிப்ரவரி வரைக்கும் நல்லது. கடைசி ஜங்கார் எத்தனை மணிக்குன்னு துறைக்கு முந்தின ஊர் டீக்கடைல கேட்டுட்டு எறங்குங்க, எறங்குனப்புறம் படகு இல்லைன்னா அதே ஏத்தத்தை இருட்டுல திரும்ப ஏறணும்.

அஞ்சுக்கு அஞ்சு. தாபோளுக்கு மட்டும் தனியா இன்னொரு ஸ்டார் இருந்தா போட்ருப்பேன்.